மூன்று சக்கரத்துக்கு ஒரு ஆள்

எந்த வண்டி நின்றுபோனாலும் அதைச் சுற்றி ஒரு முறை நடந்து, டயரை லேசாக உதைத்து, "ம்" என்று சொல்ல வேண்டும். இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த அறிவை வைத்துக்கொண்டே இத்தனை காலம் ஐஸ் வண்டி ஓட்டிப் பிழைத்துவிட்டேன். நண்டு அண்ணனின் மூன்று சக்கர வண்டி படுத்துக்கொண்ட அன்றும் அதைத்தான் செய்தேன். உதைத்த கால் டயருக்குள் பாதி அமுங்கித் திரும்பி வந்தது. அந்த வண்டியின் டயர் அப்படி, தலையணை மாதிரி.

மூன்று சக்கரம் என்றதும் ஆள் ஏற்றும் ஆட்டோவை நினைத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பரங்கிக்காய் போல உப்பிய டயர்கள். அவற்றின் மேல் ஒரு மோட்டார் சைக்கிளைத் தூக்கி உட்கார வைத்தது போல இருக்கும். கூரை கிடையாது, கதவு கிடையாது, பின்னால் போகிற கியர் கிடையாது. கயிற்றைச் சுண்டி இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ரோட்டில் விட்டால் குடித்தவன் மாதிரி அலையும். ஆனால் மனுஷன் முழங்கால் வரை புதைகிற சேற்றில் அதுபாட்டுக்கு மேலாக்கப் போய்விடும்.

எங்கள் கரையில் கடல் தினமும் வெகுதூரம் உள்ளே போய்விட்டுத் திரும்பி வரும். அது விட்டுவிட்டுப் போன இடமெல்லாம் சேறு. சேற்றின் கடைசியில் ஒரு மணல்திட்டு. சிப்பி கிடைப்பது அங்கேதான். தண்ணீர் இறங்க இறங்கப் பெண்கள் அதன் பின்னாலேயே நடந்து போவார்கள். திட்டில் குனிந்தவர்கள் நிமிராமல் கொத்தி, வாரி, அலசி மூட்டை கட்டுவார்கள். தண்ணீர் திரும்புவதற்குள் மூட்டையெல்லாம் கரைக்கு வந்தாக வேண்டும். கரையில் நான் ஐஸோடு நிற்பேன். நடுவில் இருக்கிற அந்தச் சேற்றைக் கடத்திக் கொண்டுவருவது நண்டு அண்ணனின் வேலை. வண்டிக்குப் பின்னால் ஒரு பலகையைக் கட்டி, அதில் மூட்டைகளை அடுக்கி இழுத்து வருவார்.

முன்பு அவரும் திட்டில் கொத்தியவர்தான். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகு ஒரு நாள் சரிந்து இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் நேராக நடந்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் போவார். நண்டு என்ற பெயரை வைத்தவரும் அவரேதான். "அடுத்தவன் வைக்கிறதுக்குள்ள நாமளே வச்சுக்கணும் தம்பி. அப்பதான் நமக்குப் புடிச்சதா இருக்கும்" என்பார்.

வண்டி வந்த கதை சின்னது. பாலம் கட்டப் போகிறோம் என்று மண்ணைத் தோண்டிப் பார்க்க ஒரு கம்பெனி வந்தது. பாலம் வரவில்லை. கம்பெனி கிளம்பும்போது, தூக்கிக்கொண்டு போகப் பெறுமானம் இல்லாததையெல்லாம் கரையிலேயே போட்டுவிட்டுப் போனது. அதில் இதுவும் ஒன்று. அப்போதே அது கிழம். அண்ணன் அதில் ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுத்த நாளில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு விழுந்த பிறகு அவர் முகத்தில் பல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

"வீட்டுக்குள்ள நான் ஒரு நாற்காலி. இதுல ஏறினாத்தான் ஆளு" என்று ஒரு தடவை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வண்டி படுத்துக்கொண்ட நாளில் நல்லவேளையாகக் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வந்துவிட்டிருந்தது. பின் பக்கத்து இடது சக்கரம் தள்ளாடியது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். பிறகு சக்கரம் சுற்றவே இல்லை. நானும் பெண்களும் சேர்ந்து மேட்டுக்குத் தள்ளினோம். நான் சுற்றி நடந்து, உதைத்து, "ம்" சொன்னேன்.

"என்ன சொல்லுது?" என்றார் அண்ணன், சீட்டில் உட்கார்ந்தபடியே.

"இடது பக்கம் ஏதோ."

"டாக்டரும் இப்படித்தான் சொன்னான், வலது பக்கம் ஏதோன்னு. என் இடுப்பப் பாத்துட்டு."

அண்ணனும் அவர் மனைவி, என் அண்ணியும் இருந்த வீடு ஒரே அறை. பின்னால் ஒட்டினாற்போலத் தகரம் போட்ட சமையலிடம். அறையின் ஜன்னல் கடலைப் பார்த்தது. ஜன்னலை ஒட்டி அண்ணனின் கட்டில். வெளிச்சுவரை ஒட்டி வண்டி நிற்கும். கட்டிலில் படுத்தபடி கையை ஜன்னல் வழியாக நீட்டினால் ஹேண்டில் பார் தட்டுப்படும். இதைவிட நெருக்கமாக அதை நிறுத்த வேண்டுமென்றால் கட்டிலில் தங்கள் நடுவில் படுக்க வைக்க வேண்டியதுதான் என்று அண்ணி கிண்டல் செய்வார்.

அன்று அண்ணி சோறும் மீன் குழம்பும் போட்டார். எனக்கும் தட்டு வைத்தார். அண்ணன் சோற்றைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார்.

"ஏங்க, சாப்பிடுங்க. வண்டிதான் நின்னிருக்கு. வாய் நல்லாத்தானே இருக்கு" என்றார் அண்ணி.

"பெட்ரோல் போட்டு என்ன செய்யப் போறோம், ஓடாத வண்டிக்கு" என்று தட்டைத் தள்ளிவைத்தார்.

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். என்னிடம் லோடு வண்டி இருக்கிறது. டவுனுக்கு வழி தெரியும். வாய் இருக்கிறது. ஊரில் என்னை ஐஸ் என்று கூப்பிடுவது நான் ஐஸ் விற்பதால் மட்டும் இல்லை. யாருக்கு எதை வைத்துக் காரியம் சாதிப்பது என்று தெரிந்தவன் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு அபாண்டம் என்பது அடுத்த சில வாரங்களில் ஊருக்கே தெரிந்துபோனது.

ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு முதலில் பைக் மெக்கானிக்கிடம் போனோம். நான் டிரைவர், நடுவில் அண்ணி, ஓரத்தில் அண்ணன். பைக் மெக்கானிக் ஷட்டருக்கு வெளியே குந்தியிருந்தான். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"இது என்னண்ணே?"

"வண்டிதான்."

"அது தெரியுது. மூணு சக்கரம் இருக்கே. ஆட்டோ மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

ஆட்டோ மெக்கானிக் அடுத்த தெருவில். அவர் கொஞ்சம் வயசானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது பைக் இஞ்சினுங்க."

"பைக் மெக்கானிக்தான் உங்ககிட்ட அனுப்பினாரு."

"அவன் எதத்தான் பாத்தான், போன வாரம் ஒரு கிரைண்டரக்கூட எங்கிட்ட அனுப்பினான். டயர் பெருசா இருக்கே, டிராக்டர் ஒர்க் ஷாப்ல கேட்டீங்களா?"

டிராக்டர் ஒர்க் ஷாப்பில் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். இன்னொருவர் டயரை உதைத்து "ம்" என்றார். எனக்கு அந்த ஆளைப் பார்த்ததும் ஒரு சொந்தம் தோன்றியது. திரும்பவும் பைக் மெக்கானிக்கிடமே வந்து நின்றோம்.

"அண்ணே, மனசு வச்சுக் கேளுங்க" என்றான் அவன். "கழட்டுறது ஒரு வேலையே இல்ல. இப்பவே கழட்டிடுவேன். கழட்டின பிறகு உள்ள ஒண்ணு உடைஞ்சிருந்தா நான் எங்க போய் வாங்குறது? திருப்பி மாட்டவும் முடியாம, குடுக்கவும் முடியாம, கடை வாசல்ல கெடக்கும். நீங்க தினம் போன் பண்ணுவீங்க. நான் எடுக்க மாட்டேன். நமக்குள்ள எதுக்கு அது? இப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லிடுறேன். எனக்குத் தெரியாது."

அவ்வளவு நேர்மையாக யாரும் என்னை ஏமாற்றியதில்லை.

வண்டியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து அதைச் செய்த கம்பெனியின் ஷோரூமுக்கும் போனோம். குளிர்ச்சியான கண்ணாடிக் கூடம். சேறு படிந்த எங்கள் செருப்புகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அண்ணன் உள்ளே வரவில்லை. பளபள தரை, பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருந்த நம்பரைப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் போட்டாள்.

"சார், இப்படி ஒரு வண்டி நாங்க செய்யவே இல்லன்னு காட்டுது."

"வெளியில நிக்குதும்மா. எட்டிப் பாருங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். நல்ல பெண். நிஜமாகவே வருத்தப்பட்டாள். "தெரியுது சார். ஆனா சிஸ்டத்துல இல்ல."

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"சரிதான்" என்றார். "நானும் இருக்கேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

வாத்துக்கார அம்மாவைப் பற்றிச் சொன்னது அந்தப் பைக் மெக்கானிக்தான். போன் எடுக்க மாட்டேன் என்றவன் அவனாகவே போன் பண்ணினான். ஏரிக்கு அந்தப் பக்கம் சதுப்பில் வாத்து வளர்க்கிற ஒரு அம்மா இருக்கிறாள், இதே மாதிரி மூன்று சக்கரத்தில் தீவனம் கொண்டுபோகிறாள், தன் பார்ட்ஸ் சப்ளைக்காரன் கண்ணால் பார்த்திருக்கிறான் என்றான். யாரிடம் காட்டி ஓட்டுகிறாள் என்று கேட்டேன். யாரிடமும் காட்டுவதில்லையாம். அவளேதான் பார்த்துக்கொள்கிறாளாம்.

அண்ணன் அன்று முகம் மழித்துக்கொண்டார். அண்ணி வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். பெண் பார்க்கப் போகிற மாதிரி மூன்று பேரும் கிளம்பினோம். வழியெல்லாம் தூறல். என் வண்டியின் துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்யும், அதுவும் பக்கத்தில் உட்காருகிறவர் பக்கம். அண்ணன் ரோட்டைப் பார்த்து "லேசா வலது, இப்ப நேரா" என்று சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். அந்தப் பயணம் முழுக்க அவர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

வாத்துக்கார அம்மா ஆஜானுபாகு. தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். சுற்றிலும் வாத்துகளின் கூச்சலில் அவரும் கத்தித்தான் பேசினார். பழகிப்போய், வாத்து இல்லாத இடத்திலும் அதே சத்தம்தான். கொட்டகைக்குள் அவருடைய வண்டி நின்றது. எங்கள் வண்டியின் கூடப் பிறந்ததேதான். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டு வளர்ந்தது. அண்ணன் சுவரைப் பிடித்துப் பிடித்து அதனிடம் போனார். பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். அங்கேயே நின்றார்.

"எங்க வீட்டுக்காரர் வாங்கினது" என்றார் அம்மா. "அவர் போனப்புறம் இது ஒண்ணுதான் எனக்குச் சொன்ன பேச்சக் கேக்குது. சரி, இறக்குங்க உங்களுத. என்னன்னு பாப்போம்."

பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்று விவரிக்க எனக்கு அறிவு போதாது. பின்பக்கத்தை மரக்கட்டைமேல் ஏற்றினார். இடது சக்கரத்தைக் கழற்றினார். ஒரு பெரிய நட்டு வரமாட்டேன் என்றது. அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அண்ணி இருப்பதைப் பார்த்து, "நீ காத மூடிக்கம்மா" என்று சொல்லிவிட்டு இன்னொன்றையும் சேர்த்துத் திட்டினார். நட்டு வந்தது. இரண்டு பின் சக்கரங்களையும் கோத்துக்கொண்டு நீளமாக ஓடுகிற அச்சை உருவினார். அது சுழல்வதற்காக இரண்டு பக்கமும் பேரிங் உட்கார்கிற கூட்டுக்குள் விரலை விட்டார். விரல் வெளியே வந்தபோது செங்கல் பொடி மாதிரி துரு ஒட்டியிருந்தது. பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருந்தது.

"வலது பக்கம் பரவாயில்ல. இடது பக்கம்தான் மொத்தமா போயிருக்கு" என்றவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க ஒருக்களிச்சுத்தான் உக்காருவீங்களா?"

"ஆமா. வலது இடுப்பு ஊன முடியாது."

"அதான். உங்க வெயிட்டு முழுக்க இடது பக்கம். வண்டியும் உங்கள மாதிரியே ஆயிடுச்சு."

அண்ணனுக்கு அதைக் கேட்டு ஏதோ பெருமை. என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆனா வெயிட்டு மட்டும் இவ்வளவு செய்யாது" என்றார் அம்மா. "உள்ள உப்புத்தண்ணி போயிருக்கு. சீல் கிழியல. எப்படிப் போச்சுன்னுதான் தெரியல. கழுவுறதுண்டா?"

அண்ணியின் முகம் மலர்ந்தது. பாராட்டு வரப் போகிற கேள்வி என்று நினைத்துவிட்டார். "ஒரு நாள் விட்டதில்லம்மா. நல்ல தண்ணி. கரை ஏறி வீட்டுக்கு வந்தா அடுத்த நிமிஷம் அச்சு மேல ரெண்டு குடம்—"

"சூட்டோடயா?"

அண்ணி நிறுத்தினார். "சூட்டோட கழுவினாத்தானே போகும். சட்டி பானை எல்லாம்..."

"சட்டி வேற, இது வேற. ஓடி வந்த அச்சு கொதிச்சுக்கிட்டு இருக்கும். உள்ள இருக்கிற காத்து வீங்கியிருக்கும். மேல பச்சத் தண்ணி விழுந்தா அந்தக் காத்து சட்டுனு சுருங்கும். சுருங்கும்போது ஓரத்துல நிக்கிற உப்புத்தண்ணிய உள்ள உறிஞ்சிக்கும், கைக்குழந்த பால் குடிக்கிற மாதிரி. தினமும் இத்துணூண்டு. கழுவாமப் போட்டிருந்தாகூட இன்னும் ஓடியிருக்கும். ஆறவச்சுக் கழுவியிருக்கணும்."

எங்கள் ஊரில் குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெருக் கோடியில் இருக்கிறது. சேற்றில் காலையிலிருந்து குனிந்து கொத்திவிட்டு வந்த இடுப்பில் அண்ணி அந்தக் குடங்களைத் தூக்கி வருவதை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கு ஊற்றிவிட்டு மிச்சம் இருந்தால்தான் தனக்குக் குளியல்.

வாத்துகள்கூடக் கொஞ்சம் நிறுத்தின மாதிரி இருந்தது.

"நான்தாம்மா கழுவுறது" என்றார் அண்ணன்.

நான் தரையைப் பார்த்தேன்.

"இவ சொல்லுவா, ஆறட்டும் ஆறட்டும்னு. எனக்கு அவசரம். நானே எடுத்து ஊத்திடுவேன். எவன் சொன்னாலும் கேக்கிற புத்தி இருந்தா ஏன் இப்படி இருக்கேன்."

சுவரை விட்டால் விழுந்துவிடுகிற ஆள் சொன்னார், குடம் தூக்கி ஊற்றுவேன் என்று. வாத்துக்கார அம்மா அவர் இடுப்பைப் பார்த்தார். பிறகு அண்ணியின் கைகளைப் பார்த்தார். "ஆம்பளைங்க எங்க கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுத் துருவைச் சாக்கில் துடைத்தார்.

நான் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போவது. "சரிங்கம்மா, அந்தப் பேரிங் கூட்ட லேத்துல குடுத்துக் கடைஞ்சு, உள்ள ஒரு வளையம் போட்டு—"

"கடையறதுக்குச் சதை வேணும். இது வெறும் தோலு. உப்பு தின்னது போக மிச்சம் இருக்கிறது தகரம். காசுக்குச் செஞ்சு குடுக்கிறவன் செஞ்சு குடுப்பான். ஓடும். ஒரு நாள் நடுச்சேத்துல சக்கரம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். தண்ணி ஏறுற நேரமா இருந்தா?"



"உங்ககிட்ட ஸ்பேர் இருக்கா?" அண்ணி கேட்டார். குரல் தரையோடு இருந்தது.

இருந்தது. அதுதான் கொடுமை. கொட்டகை மூலையில் எண்ணெய்த் துணியில் சுற்றி, புதிய அச்சும் கூடும் இருந்தன. அந்த அம்மா ஒளிக்கவில்லை. எடுத்து வந்து, சுற்றிய துணியைப் பிரித்து எங்கள் முன்னால் வைத்தார். மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அண்ணி கையை நீட்டித் தொட்டுவிட்டு இழுத்துக்கொண்டார்.

"இருக்கிறது இது ஒண்ணு" என்றார். "எங்க வீட்டுக்காரர் காலத்துல வாங்கி வச்சது. இப்ப எங்கயும் கிடையாது. நானும் தேடாத இடம் இல்ல. என் வண்டியோட அச்சும் பேச ஆரம்பிச்சிருச்சு. இன்னிக்கு இத உங்களுக்குக் குடுத்தா, நாளைக்கு நான் யார் வீட்டுக்குப் போய் இப்படி நிக்கிறது? இந்தச் சதுப்புல இத்தனை உயிர் என்னை நம்பி வாயத் தெறந்துக்கிட்டு நிக்குது."

"நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

நான் அப்போதும் விடவில்லை. என் தொழிலே உருகுகிற சரக்கை விற்பது. அந்த அம்மாவின் வாத்தைப் புகழ்ந்தேன், கொட்டகையைப் புகழ்ந்தேன், அவர் கையில் இருக்கிற வித்தையைப் புகழ்ந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, உங்களைப் பாத்தா நல்லவராத் தெரியுது. கொஞ்சம் வாய மூடுறீங்களா?"

மூடினேன்.

அந்த அம்மா எங்கள் வண்டியின் இஞ்சினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கயிற்றை ஒரு சுண்டு. பின்னால் சக்கரம் இல்லாமல், அச்சு இல்லாமல், கட்டைமேல் நின்றபடியே அது பட்டென்று பிடித்துக்கொண்டது. சுத்தமான சத்தம். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த உலகத்தில் எங்கள் வண்டியைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே மனுஷியும், எங்கள் வண்டி பிணமானால் அதிகம் பயன்பெறுகிற மனுஷியும் அவரேதான்.

"இஞ்சின் நல்லாருக்கு" என்றார், எங்களைப் பார்க்காமல். "என்னுது புகைய ஆரம்பிச்சிருச்சு. நான் கேக்கக் கூடாது. நீங்க ரிப்பேருக்கு வந்தவங்க. ஆனா கேக்காம விட்டா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது."

"ஏங்க, வேணாங்க" என்றார் அண்ணி. "வீட்லயே இருக்கட்டும். ஜன்னலாண்ட நிக்கட்டும்."

"நின்னு? ரெண்டு மழைக்கு இஞ்சினும் போயிடும். அப்புறம் ஜன்னலுக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு." அண்ணன் வாத்துக்கார அம்மாவிடம் திரும்பினார். "எடுத்துக்கங்கம்மா. அது ஓடணும்."

பிறகு விலை பேசினார்கள். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. வாத்து பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பின்னால் என் லோடு வண்டியின் வெறும் தட்டு தடதடவென்று அடித்தது. நெடுநேரம் கழித்து அண்ணி கேட்டார். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நீங்கதான் ஊத்துவீங்கன்னு."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "குடம் தூக்கினவன்னு ஒரு பொம்பளையாவது என்னைப் பத்தி நெனச்சுக்கட்டுமே."

அண்ணி சிரித்தார். சிரித்து முடிக்கும்போது அது வேறு ஏதோவாக ஆகியிருந்தது. நான் ஹாரனை அடித்தேன். ரோட்டில் யாரும் இல்லை.

நாங்கள் ஆள் தேடி அலைந்த அந்தக் காலத்தில் திட்டில் வேலை நின்றுவிடவில்லை. பெண்கள் பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளை நீளவாக்கில் அறுத்துப் படகு மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். முனையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சேற்றின்மேல் வழுக்கி இழுத்து வந்தார்கள். மூச்சு முட்டுகிற வேலை. ஆனால் நடந்தது. பெட்ரோல் வேண்டாம், கயிறு சுண்ட வேண்டாம். முதல் சில நாள் "அண்ணன் வண்டி எப்ப வரும்" என்று கேட்டார்கள். பிறகு யாரும் கேட்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அண்ணன் கட்டிலை ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னார். நானும் அண்ணியும் தூக்கி மாற்றினோம். முகம் மழிப்பதை விட்டார். நான் போனால் பேசுவார். ஐஸ் விலை, மழை, டவுனில் யார் செத்தார்கள். நான் ஏதாவது கோமாளித்தனம் செய்தால் சிரிப்பார். சிரித்துவிட்டு, கடைக்காரன் கல்லாவை மூடுகிற மாதிரி முகத்தை மூடிக்கொள்வார். சாப்பாட்டுத் தட்டு பாதியோடு திரும்பிப் போகும். அண்ணி அதை ஒன்றும் சொல்லாமல் எடுத்துப்போவார். முன்பு திட்டித் திட்டி ஊட்டியவர், இப்போது திட்டுவதில்லை.

ஒரு நாள் நான் கரைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தேன். தண்ணீர் திரும்ப ஆரம்பித்திருந்தது. சேற்றின்மேல் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொட்டிகளை இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக அண்ணி. நடை தெரியும், அதனால் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அவர் தொட்டி மற்றவர்களுடையதைவிட நன்றாகத் தாழ்ந்து, சேற்றை வகிர்ந்துகொண்டு வந்தது. முன்னால் முழுக்கக் குனிந்து, கை இரண்டும் கிட்டத்தட்டச் சேற்றைத் தொட இழுத்து வந்தார். இன்னிக்கு அண்ணிக்கு நல்ல சரக்கு என்று எனக்கு சந்தோஷம். பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டியைக் கவிழ்த்து, அவருக்கென்று தனியாக உடைக்க ஆரம்பித்தேன்.

முதலில் கரை ஏறிய ஒருத்தி, ஊரில் அவளுக்கு ரேடியோ என்று பேர், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "உடைக்காதண்ணே. அது சரக்கு இல்ல."

நிமிர்ந்து பார்த்தேன். தொட்டிக்குள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தார். முகம் மழித்திருந்தது.

"காலைல அண்ணிதான் புடிவாதம்" என்றாள் ரேடியோ, குரலைத் தாழ்த்தி. அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான். "நீங்க மணல்திட்டப் பாக்கணும், வாங்க, நான் இழுக்கிறேன்னு. அவரு கத்துறாரு, வர மாட்டேன்னு. தூக்கி உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அங்க வந்து அவரு என்ன செய்வாரு? மணல்ல உக்காந்திருந்தாரு. கைக்கு எட்டுற வரைக்கும் நாலு சிப்பி பொறுக்கினாரு. திடீர்னு தண்ணி திரும்பிருச்சு. அவங்கவங்க தொட்டியில அவங்கவங்க சரக்கு. அண்ணிக்கு ஒரு தொட்டிதான்."

நானும் ரேடியோவும் ஓடிப்போய்க் கயிற்றில் கை கொடுத்தோம். கரைக்கு இழுத்துப் போட்டதும் அண்ணி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் கயிறு இறுக்கிய இடத்தில் சேலை கசங்கி உள்ளே போயிருந்தது. அதைத் தளர்த்தக்கூடக் கை வரவில்லை. நான் குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். ஈரக் கயிறு, சுலபத்தில் அவிழவில்லை.

"மூட்ட எங்க அண்ணி?"

அவர் பின்னால் கை காட்டினார். திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் பளபளத்தது.

அண்ணன் தொட்டிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கோபம் இல்லை.

"தம்பி ஐஸு, நீயே பாரு. ரெண்டுல ஒண்ணுதான் இழுக்க முடியும்னு ஆச்சு. இவ தப்பானத இழுத்துட்டு வந்துட்டா."

அவரை எழுப்ப இரண்டு கையையும் கொடுத்தேன். எழவில்லை. வழி முழுக்கக் குலுங்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. தொட்டியோடு தூக்கலாமா என்று ரேடியோ கேட்டாள். "வேணாம், கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார் அண்ணி, சேற்றில் உட்கார்ந்தபடியே. அவருக்காக உடைத்த ஐஸை ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி, தொட்டிக்குள் இறங்கி, அண்ணனின் வலது இடுப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் செருகினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

மற்ற பெண்கள் சரக்கை ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய் ஏற்றினேன்.